கப்பலில் வந்த குரல்

குடும்பம் விமானத்தில் வந்து சேர்ந்தது. கணக்கு டீச்சரான அம்மாவின் குரல் மட்டும் கப்பலில் வந்தது. சாமான் கட்ட வந்த ஆட்கள் மிக்சியைத் துணிகூடச் சுற்றாமல் பெட்டிக்குள் போட, அவள் குனிந்து, "அடப்பாவிங்களா, உடைஞ்சிடும்!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் குரலையும் உள்ளே வைத்து மூடி டேப் ஒட்டிவிட்டார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம்.

புது நாட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, கணவனின் கம்பெனி ஓர் ஆலோசகரை அமர்த்தியிருந்தது. வாயைத் திறந்தால் "கவலை வேண்டாம்" என்பார். உதவி மட்டும் வராது. கணவன் குரல் விஷயத்தைச் சொன்னபோதும், "கப்பல்லதானே வருது சார்? நிறையப் பேருக்கு இப்படி ஆகுது" என்றார். பாதி மண்ணுக்குள் புதைந்த வீடு ஒன்றைக் காட்டினார். ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரிந்தது. அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய கணவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். பின்னங்களைத் தண்ணீர்பட்ட பாடாகப் போடும் மகளை, பள்ளியில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். இதெல்லாம் சரியில்லையென்று அம்மா தாளில் எழுதி நீட்டினாள். ஆலோசகர் படித்துப் பார்த்து, "மேடத்துக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். கணவன் தன் அண்ணனிடம் போனில், "நல்லா செட்டில் ஆயிட்டோம்ணே. வீடே நிம்மதியா இருக்கு" என்று சொன்னதை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பள்ளியிலிருந்து வரும் மகளும் வரவரப் பேச்சை விட்டு, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டத் தொடங்கியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பெட்டிகள் வந்த அன்று ஆலோசகர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். அவள் டேப்பைக் கிழித்ததும், "உடைஞ்சிடும்!" என்று குரல் வெளியே வந்தது. மிக்சி உடைந்துதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். குரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"நீங்க உக்காருங்க" என்றாள். ஆலோசகர் உட்கார்ந்தார். கணவனும் உட்கார்ந்தான், அவனைச் சொல்லாமலே. "இந்தக் குழியில உங்க பொண்டாட்டி புள்ளைய வெச்சுக் குடித்தனம் பண்ணுவீங்களா? கவலை வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அதைக் கேட்டு மண்டைய ஆட்றதுக்கு ஒரு ஆளு!" ஆலோசகர் வாயைத் திறந்தார். அந்த இரண்டு வார்த்தையும் அன்றைக்கு வரவில்லை. அந்த வாரமே அவள் பள்ளிக்குப் போய், மகளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, உரிய வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள். குடும்பம் வெயில் விழும் இரண்டாம் மாடிக்கு மாறியது. மகள் மறுபடி வாயாடத் தொடங்கினாள்.

குரலில் கடல் கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் கோபப்பட்டால் சுவரில் உப்பு பூக்கும். கணவன் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.