ஒலிபெருக்கியில் ஒரு கணவர்

ஆகஸ்ட் மாத இத்தாலியில், ரிமினிக் கடற்கரையில் குடைக்குக் குடை இடைவெளியே இல்லை. கடலில் குளித்துவிட்டு வந்த ஒந்தீனா, கணவர் எவரிஸ்தோவைக் காணாமல் ஒலிபெருக்கிக்காரியிடம் ஓடினாள். பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"வழுக்கைத் தலை, சரிஞ்ச தொப்பை, சிவப்பு ஜட்டி, அறுபது வயசுன்னு மட்டும் சொல்லும்மா."

அறிவிப்பு கரை முழுக்க முழங்கியது. சற்று நேரத்தில் ஐந்தாறு தொப்பைகள் அசடு வழிய வந்து நின்றன.

"இதுல எதுவும் என்னோடது இல்ல" என்று ஒந்தீனா திருப்பி அனுப்பினாள்.

கடைசியாக எவரிஸ்தோ தேங்காய்க் கீற்றைக் கடித்தபடி ஆடி அசைந்து வந்தார்.

"ஏங்க, மைக்குல கூவுனது காதுல விழலையா?"

"விழுந்துச்சே! பாவம், எந்தக் கிழவனோன்னு நானும் சுத்திமுத்தி தேடிக்கிட்டுதான் இருந்தேன்" என்றார், பக்கத்துக் குடையடியில் இருந்த பெண் பார்க்கிறாள் என்று வயிற்றை எக்கிக்கொண்டு.