இல்லாத கல்யாணத்துக்குப் பரிசு

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பாயிண்ட் சேர்க்கிற பழக்கம் ஒன்றுதான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பாயிண்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதை ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி அவரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விஷயம் இதுதான். கிரெடிட் கார்டில் எதை வாங்கினாலும் கார்டு கம்பெனி பாயிண்ட் தரும். பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட். ஆனால் எங்களைப்போல் பருப்பும் சோப்பும் வாங்குகிறவர்களுக்குப் பாயிண்ட் சேர்வதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். அதற்கு இவர் பிடித்த குறுக்குவழி கிஃப்ட் கார்டு. சூப்பர் மார்க்கெட்டில் கிரெடிட் கார்டைத் தேய்த்து, ரொக்கம்போல எங்கேயும் செல்லுகிற கிஃப்ட் கார்டுகள் வாங்குவார். அவற்றைத் தபாலாபீசில் கொடுத்துத் தன் பெயருக்கே மணி ஆர்டர் எடுப்பார். அதை பாங்கில் போட்டு, அந்தப் பணத்தாலேயே கிரெடிட் கார்டுக் கடனைக் கட்டிவிடுவார். பணம் ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்துவிடும். பாயிண்ட் மட்டும் கையில் நிற்கும். கொஞ்சம் கமிஷன் போகும், அவ்வளவுதான். "இதுல யாருக்கும் நஷ்டமில்ல, சட்டப்படி தப்புமில்ல" என்பார். தப்பில்லாத காரியத்தைத் தப்பில்லை என்று எதற்கு இத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டால், எனக்கு உலகம் தெரியாது என்பார்.

இவ்வளவும் யாருக்காக என்றால், அவருடைய அக்காவுக்காக. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இவர்களுக்கு ஒரு தங்கை கடல் தாண்டி வாக்கப்பட்டுப் போயிருக்கிறாள். "அவளை ஒரு தடவை பாத்துட்டு வந்தா நல்லாருக்கும்" என்று அண்ணி என்றைக்கோ ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். அண்ணிக்கு இரண்டு முழங்காலும் போச்சு. அத்தனை நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. விமானத்தில் முன்பக்கம் படுத்துக்கொண்டே போகிற சீட்டு இருக்கிறதாம். அதன் விலைக்கு நாங்கள் வீட்டை விற்கவேண்டும், வீடும் வாடகை வீடு. "அக்காவ நான் படுக்க வெச்சே கூட்டிட்டுப் போறேன்" என்று இவர் கிளம்பியது அப்போதுதான்.

எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். நான் துணி மடித்தால் பிரித்து மடிப்பார். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும்: அந்த மனுஷிக்குப் பொய் வராது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், தன்னைக் கேட்டு யார் போன் செய்தாலும் இல்லையென்று சொல்லும்படி சொன்னாராம். அண்ணி அடுத்து வந்த போனில், "டாக்டர் இருக்கார். இல்லன்னு சொல்லச் சொல்றார்" என்றாராம். அதற்கு மெமோ வாங்கியவர்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் இவர் கடைக்கு அனுப்பினார். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு இத்தனை கார்டுதான் என்று கடையில் கணக்கு இருந்தது. நான் இரண்டு தடவை போய்விட்டு, ஆளை விடுங்கள் சாமி என்று கும்பிட்டுவிட்டேன். தன்னுடைய கிரெடிட் கார்டுக் கணக்கிலேயே அண்ணி பெயருக்கு இன்னொரு கார்டு எடுத்துக் கொடுத்தார். தம்பி சொன்னால் அண்ணிக்கு வேதம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். வயதானவர்களைப் போனில் மிரட்டி கிஃப்ட் கார்டு வாங்கவைத்து, பின்னாலிருக்கும் நம்பரைப் படிக்கச் சொல்லி, பணத்தை உருவிக்கொள்கிற கூட்டம் இருக்கிறது. அதனால் கேஷியர் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கார்டு கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கேஷியர் அண்ணியிடம், "யாராவது வாங்கிட்டு வரச் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமா, என் தம்பி. கார்டும் அவன்தான் குடுத்தான்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார் அண்ணி. அவ்வளவுதான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று ஒரு நோட்டீசும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இவர் தலையில் அடித்துக்கொண்டார். பாயிண்டுக்காக என்று உண்மையைச் சொல்லவும் வழியில்லை. வேறொரு கடையில் அது தெரிந்து இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு கடை. அதனால் அடுப்படியிலேயே ஒத்திகை நடந்தது. இவர் கேஷியர், காய் நறுக்கும் பலகைதான் கல்லா.

"யாராவது போன்ல சொல்லி வாங்கறீங்களாம்மா?"

"இல்லம்மா. சொந்தக்காரப் பையனுக்குக் கல்யாணம். அதுக்குத்தான்."

"கீழ பாக்காதக்கா. என் முகத்தப் பாத்துச் சொல்லு. கொஞ்சம் சிரி. எதுக்கு இத்தனை கார்டுன்னு கேட்டா?"

"ஆளுக்கொண்ணு குடுக்கறோம்... தம்பி, எந்தப் பையன்னு கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. கேட்டா, கடைசிப் பையன்னு சொல்லு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே பொய்யை வைத்து வாரம் ஒரு கல்யாணம் நடந்தது. நானும் சிரித்தேன். முதலில் அண்ணி கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு தடவை பாத்ரூம் போவார். பிறகு அது நின்றது. ஒருநாள் திரும்பி வந்து, "இன்னிக்கு அந்தப் பொண்ணு, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டா. லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொல்லிட்டேன்" என்றார். இவர் கைதட்டினார். எனக்கு ஏனோ அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை இவர் சாப்பாட்டு மேஜையில் கார்டுகளைப் பரப்பி, பின்னாலிருக்கும் நம்பர் தெரிய நாணயத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அண்ணி நடந்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். இவருடைய போன் முனகியது. எடுத்துப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா கார்டுல இப்பதான் வாங்கியிருக்கு. அதே கடை. நான் சொல்லவே இல்ல! பாத்தியா, தானாப் போயிருக்கு. நீயும்தான் இருக்கியே!"

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி முனகியது. மறுபடி அதே கடை, அதே தொகை. இவர் பாயிண்டைக் கூட்டிப் பார்த்தார். "இது வந்து சேந்தா டிக்கெட் போட்டுடலாம்" என்றார்.

"ஏங்க, நீங்க சொல்லாம அண்ணி உங்க கார்ட எடுத்து என்னிக்காவது ஒரு பொட்டலம் உப்பு வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. நான் அண்ணிக்குப் போன் போட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். அண்ணிக்குப் போன் செய்கிற ஆட்களே நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் இங்கே இருக்கிறோம். தங்கை ஊரில் அப்போது எல்லாரும் தூங்குகிற நேரம்.  செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். "என்ன இப்ப, வீடு பத்திக்கிச்சா?" என்று இவர் பின்னால் கேட்டது காதில் விழுந்தது.

கடையில் அண்ணி கல்லா முன்னால் நின்றார். கையில் புதிதாக ஒரு கொத்து கார்டு. கைப்பை திறந்திருந்தது; உள்ளே போன் வெளிச்சமாக இருந்தது. கேஷியர் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் சிரித்து, "இல்லம்மா, சொந்தக்காரப் பையனுக்குக் கல்யாணம். எண்ணிக்கை பத்தல, அதான் திரும்ப வந்தேன்" என்றார். தங்குதடை இல்லாமல் வந்தது.

நான் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "அண்ணி, யாரு போன்ல?"

"யாருமில்ல. நீ வீட்டுக்குப் போம்மா." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இவங்கள யாரோ ஏமாத்தறாங்க, குடுக்காதீங்க" என்றேன் கேஷியரிடம். அவள் குழம்பிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டாள். "இவங்க வாரா வாரம் வாங்கறவங்கதான் சார். இந்த அக்காகூட வாங்கியிருக்காங்க" என்று என்னையே காட்டினாள்.

அதற்குள் இவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் அவரிடம் திரும்பினார்.

"உங்க அக்காவா? உங்க வீட்ல எல்லாரும் இவ்வளவு கார்டு வாங்கறீங்களே, எதுக்கு சார்?"

உண்மையைச் சொன்னால் இந்தக் கடையும் போச்சு. என் புருஷன் வாயைத் திறந்தார். "அது... சொந்தத்துல ஒரு கல்யாணம்" என்றார்.

அண்ணி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"அப்ப இதுவும் அதுக்குத்தான்" என்று மேனேஜர் தோளைக் குலுக்கினார். கேஷியர் முதல் கார்டை எடுத்து மெஷினில் காட்டப் போனாள்.

"ஒரு கல்யாணமும் இல்ல!" என்று நான் கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "எந்தப் பையனும் இல்ல. இவரு பாயிண்ட் சேக்கறாரு. அதுக்கு நாங்க எல்லாரும் பொய் சொன்னோம். ஆனா இன்னிக்கி இவங்க வாங்கறது அதுக்கில்ல." பைக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "அம்மா, யார்கிட்டயும் பேசாதீங்க, உங்க தம்பிக்குத்தான் ஆபத்து" என்றது. போனை எடுத்து எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் அவனுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே வைத்துவிட்டான். எனக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

கையில் இருந்த கார்டுகள் தப்பின. முதல் இரண்டு தடவை வாங்கியவற்றின் நம்பரையெல்லாம் அண்ணி கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபரேட்டர் குரலில் ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுத்திருக்கிறார். மேனேஜர் கிஃப்ட் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் எல்லாம் காலி. பாவம், அந்த மனுஷன் எங்களைத் திட்டவில்லை. இனிமேல் இந்தக் கடைக்கு கார்டு வாங்க வராதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தார். பாங்கிலிருந்து பேசுகிறேன் என்றானாம். உங்கள் குடும்பத்தில் தப்பான பணப் பரிமாற்றம் நடக்கிறது, சாயங்காலம் போலீஸ் வரும், விசாரணை முடியும்வரை கார்டாகப் பணம் கட்டினால் கைது இருக்காது என்றானாம். அந்தப் பேச்சை அவன் ஆயிரம் பேரிடம் பேசியிருப்பான். தொள்ளாயிரம் பேர் போடா என்று வைத்திருப்பார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எங்கள் அண்ணி மடியில் இவர் அத்தனை மாதமாகக் கட்டிவைத்திருந்தாரே.

கிரெடிட் கார்டு கம்பெனிக்குப் போன் செய்தோம். உங்கள் ஆள்தான் நேரில் போய் வாங்கியிருக்கிறார், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். கடன் அப்படியே நின்றது. பாயிண்ட் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. படுத்துப் போகிற சீட்டுக்கு இப்போது அது போதும் என்று போன் காட்டியது. இவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அக்காவின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் வயிறு எரிந்தது, பாவமாகவும் இருந்தது.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. அவன் சொன்னா, எனக்கு ஒரு போன் போட்டு, தம்பி, நீ செய்யறது தப்பான்னு கேட்டிருக்கலாமே. இல்லக்கான்னு சொல்லியிருப்பேனே."

அண்ணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லியிருப்ப. என் முகத்தப் பாத்து, கொஞ்சம் சிரிச்சு, இல்லக்கான்னுதான் சொல்லியிருப்ப. அது நெசமா, கடைக்குச் சொல்ற பதிலான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். இவர் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் தட்டு எடுத்துவரப் போனேன்.