டெனிஷாவின் ஐந்து நாள்

யோசேப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரைக்குப் போனார், வலையைத் தொட்டார், திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார், உடனே எழும்பினார். காலையில் பயிற்சியாளர் பவுலினா டீச்சர் போனில் சொன்னதுதான் காரணம்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் தெற்காசிய உதைபந்தாட்டப் போட்டிக்கு அவர் மகள் டெனிஷா கோல் காப்பாளராகத் தெரிவாகியிருந்தாள். பாஸ்போர்ட்டுக்காகக் கடதாசிகளைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பதினேழு வருடத்துக்கு முந்தின ஜனவரி முதலாந் திகதிக்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. டெனிஷாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அதற்கு முந்தின டிசம்பர் இருபத்தெட்டு என்று இருந்தது.

"நாலு நாள்தானே டீச்சர்?"

"ஒரு நாள் எண்டாலும் எடுக்கமாட்டாங்க அண்ணன். நாளைக்குப் பேர் அனுப்பவேணும். மகளிட்ட நீங்களே சொல்லுங்க."

கொடுமை என்னவென்றால், டெனிஷா உண்மையில் பிறந்தது ஜனவரி இரண்டு. உச்சமுனைத் தீவில், காற்று பேயாட்டம் ஆடிய நாளில், ஆஸ்பத்திரிக்குப் போக வள்ளம் இறக்க வழியில்லாமல் வீட்டிலேயே பிறந்தாள். அதற்கு முந்தின பிள்ளை மூன்று நாள்கூடத் தங்கவில்லை. பயந்துபோன மனிதர், வேதத்தில் அரசன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாளான டிசம்பர் இருபத்தெட்டில் இவள் பிறந்ததாகப் பதிவாளரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பச்சைப் பிள்ளைகளின் காவலில் இவளாவது நிலைப்பாளாம். எப்படி யோசித்திருக்கிறார் பாருங்கள்!

மனைவி அல்பொன்சா மட்டும், "சாமியிட்டப் பொய் சொல்ல ஏலாது" என்று கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் உண்மையை எழுதவைத்தாள். அதைக் காட்டிப் பத்திரத்தைத் திருத்தலாம். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

டெனிஷா பயிற்சி முடிந்து பந்தோடு வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"அப்ப வருஷா வருஷம் கேக் வெட்டினது?"

"அது... திருநாளுக்கு, மகள்."

அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்பத் திரும்பக் கேட்டா எந்த நாளைச் சொல்லுவீங்க அப்பா?"

அவள் கேட்க விரும்பும் பதில் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் மன்னித்தும் விடுவாள். ஆனால் முந்தின பிள்ளையைப் பறிகொடுத்த பயம் இன்னும் போகவில்லையே!

"அதே நாளைத்தான் மகள்."

டெனிஷா பந்தை அவர் காலடியில் உருட்டிவிட்டு, வலை காயப்போடும் இரண்டு கம்புகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

"அடியுங்க."

அவர் மெல்லத் தட்டினார்.

"பலமா அடியுங்க!" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அவர் அடித்தார். கால் வலிக்க வலிக்க அடித்தார். அவள் மண்ணில் விழுந்து புரண்டு, ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை.