உனக்கு மட்டும் என்ன கேடு?

அக்காவும் தங்கையும் அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர். ஆயத்த ஆடை ஆலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் உட்கார்ந்து, அக்கா காலர் தைப்பாள், தங்கை கை தைப்பாள்.

வரிசைக்கு ஒரே ஒரு கழிப்பறை அட்டை. அது ஆணியில் தொங்கினால்தான் எழுந்து போகலாம். அக்காவுக்குக் குடல் அழற்சி வந்த பிறகு அட்டை பாதி நேரம் அவள் கையில்தான் இருந்தது. சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை.

"கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. ஒரே மூஞ்சி, ஒரே உடம்பு. உனக்கு மட்டும் என்ன கேடு? எல்லாம் வேலைக் கள்ளத்தனம்!"

வரிசையே சிரித்தது. தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் நன்றாக இருப்பதே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டதே!

வீட்டிலும் இதே கதைதான். "கண்டதையும் தின்னிருப்பா," என்றாள் அம்மா. அடுத்த முறை அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவளுக்கு மட்டும் ஏன் வந்தது என்று தங்கை டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மரபணு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்மா. ஆனா அது மட்டும் பத்தாது. வேற ஏதோ ஒண்ணு தூண்டிவிட்டு, நோய் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே எதிரின்னு நெனச்சுத் தாக்குது. உங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். அவங்க எந்தத் தப்பும் பண்ணல."

மறுவாரம் சூப்பர்வைசர் அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அக்கா போய்க் கேட்டாள். போனில் பேசியபடியே, பொறு என்று கையைக் காட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு பொறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே வயிற்றால் போய் உடை நனைந்தது.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கை தன் ஏப்ரனை அவிழ்த்து அக்காவின் இடுப்பில் சுற்றி, கழிப்பறைவரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்ததும் அவன் பையிலிருந்த அட்டையை உருவி இரண்டாக முறித்தாள்.

"ஒரே உடம்புன்னு நீதானேடா சொன்ன? அவளுக்கு இருக்குற அதே மரபணு எனக்கும் இருக்கு. நாளைக்கு நானும் இப்படி நிப்பேன். அப்பவும் போன் பேசிட்டு இருப்பியா?"

"வேலை போயிடும், பாத்துக்கோ!"

"போகட்டும்டா!"

முன்பு சிரித்தவர்கள்கூட அன்று மீண்டும் தைக்க உட்காரவில்லை. மேனேஜர் ஓடி வந்தார். இனிமேல் அட்டை கிடையாது என்று அறிவித்தார். மாலையில் தங்கையை வேலையிலிருந்து நிறுத்தினார். மருந்துக்கு ஆலையின் காப்பீடு வேண்டுமே, அதனால் அக்கா வேலையை விடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த அக்கா பையை மூலையில் வீசினாள்.

"உன்னை யாருடி கேட்டா? என் குடல் கதையை ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? நாளைக்கு உனக்கு வந்தா நான் கத்த மாட்டேன். கூட வந்து கதவுக்கு வெளியே நிப்பேன். எனக்கும் அவ்வளவுதான் வேணும்."

"நீ வேணும்னா அப்படி நில்லு," என்றாள் தங்கை. "நான் கத்தத்தான் செய்வேன்."