வேலியோரத்தில் ஓர் அந்தர்

வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுமுன், வெறும் வயிற்றோடு முத்துக்குமாரு கிணற்றடித் துலாவில், அந்த நீண்ட ஏற்றமரத்தில், தொங்கிய ஊஞ்சற்பலகையில் உட்கார்ந்திருந்தார். பலகை துலாவின் பின்பக்கத்தில் கட்டியிருந்தது. கால்கள் நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டு, போட்டோ எடுக்க இருத்திய மாப்பிள்ளை மாதிரி நேரே பார்த்தபடி இருந்தார். துலாவின் முன்பக்கத்தில், நடுக்காலிலிருந்து அதே தூரத்தில், ஒரு சாக்கு நிறையச் சுண்ணாம்புக்கல் தொங்கியது. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தவள் அவர் மனைவி இராசமலர். துலா கொஞ்சம் ஆடியது, யோசித்தது, பிறகு மட்டமாக நின்றுவிட்டது.

"நிக்குது," என்றாள்.

"வடிவாப் பார்."

"வடிவாத்தான் நிக்குது."

போன வெள்ளியும் நின்றது. அதற்கு முந்தின வெள்ளியும் நின்றது. தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து அந்தத் துலாவுக்கு மட்டத்தின்மேல் அப்படியொரு பிரியம்.

முத்துக்குமாரு முன்பு இருந்த இருப்பைச் சொன்னால்தான் இந்த இடம் விளங்கும். மற்றத் தோட்டங்களில் துலா மிதிக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஏறி, துலாவில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். பின்னால் நடந்தால் தண்ணீர்ப்பட்டை கிணற்றிலிருந்து மேலே வரும், முன்னால் நடந்தால் கீழே போகும். முத்துக்குமாரு தனி ஆள். நடக்கவும் மாட்டார். பின்பக்கம் ஓர் அடி எடுத்து வைப்பார். பட்டை கிணற்றிலிருந்து புறப்பட்டு, வாய்க்காலைத் தாண்டி, வேலிக்கு அப்பால் பரமலிங்கத்தாரின் புகையிலையில் போய்த்தான் கவிழும். பரமலிங்கத்தார் ஒரு போகம் முழுவதும் தன் கிணற்றுப் பக்கமே போகவில்லை என்று ஊரில் கதை. அதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்கும் சாட்சி உண்டு, அந்தச் சாட்சி முத்துக்குமாருதான்.

அவர் மேலே நிற்க, கீழே பட்டையைப் பிடித்துத் தண்ணீர் வார்ப்பது இராசமலரின் வேலை. கலியாணம் முடித்த வருஷத்திலிருந்து அப்படித்தான். அவள் அண்ணை இளவயதில் துலாவிலிருந்து விழுந்து ஒரு கால் சூம்பிப்போனவர். அதனால் புருஷன் மேலே நிற்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு பட்டையோடு சேர்ந்து இறங்கி ஏறும். அதை அறிந்தோ அறியாமலோ, அவர் மேலிருந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகை தெரியுது என்பார். அது இருக்கலாம். பிறகு கடல் தெரியுது என்பார். கடைசியில் இந்தியா தெரியும். "வேதாரணியத்திலை ஒரு மனிசி வடகம் காயப்போடுறா," என்பார். "சீலை என்ன நிறம்?" என்று கீழேயிருந்து கேட்பாள் இராசமலர். அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

உடம்பு மூன்று அந்தரைத் தொட்டபோது இந்தியா மறைந்தது. வெங்காயம் அந்தர்க் கணக்கில், நூற்றுப் பன்னிரண்டு றாத்தல் ஓர் அந்தராக, போகிற ஊரில் அவரையும் அப்படித்தான் நிறுத்தார்கள், கூட்டுறவுச் சங்கத்தின் வெங்காயத் தராசில், பாதி ஊர் பார்த்து நிற்க. வேலிப் படலையிலிருந்து கிணற்றடிக்கு நடக்க இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருந்தது. கொழும்பில் ஒரு டொக்டர் சீமையில் புதிதாகக் கற்றுவந்த வைத்தியத்துக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, இராசமலர் அவரை ரயில் ஏற்றிக் கூட்டிப்போனாள். டொக்டர் வயிற்றைத் திறந்து, குடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, குறுக்குவழி போட்டுத் தைத்தார். ஊரில் வந்து கேட்டவர்களுக்கு முத்துக்குமாரு அதை இப்படி விளங்கப்படுத்தினார்: "யாழ்ப்பாணத்திலை ஏறின சோறு கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம் ஸ்டேசன் ஒண்டிலையும் நிக்காது. நேரை காங்கேசன்துறையிலைதான் இறங்கும்."

டொக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். இரண்டு அந்தருக்குக் கீழே இறங்கும்வரை துலாவில் ஏறக்கூடாது, இதயம் தாங்காது. மற்றது, குறைந்துகொண்டு வரும் உடம்பு ஓரிடத்தில் நின்று யோசிக்கும், அப்போது அவசரப்படுத்தக்கூடாது. முதலாவதை முத்துக்குமாரு மனப்பாடம் செய்தார். இரண்டாவது காதில் விழுந்ததாகவே நினைவில்லை.

சங்கத் தராசுக்குப் போக அவருக்கு வெட்கம். அதனால்தான் இந்தத் துலாத் தராசு. வெள்ளிதோறும் அவர் பக்கம் மேலே போகும், சாக்குப் பக்கம் இறங்கும். மட்டத்துக்கு வரும்வரை இராசமலர் கல்லைக் கழிப்பாள். கழித்த கல்லை வேலியோரத்தில் வரிசையாக அடுக்குவாள். முதல் மாதங்களில் வரிசை மளமளவென்று வளர்ந்தது. நாடெல்லாம் ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற எழுபத்துநாலாம் ஆண்டில், தின்றாலும் ஒட்டாத வயிற்றை வைத்துக்கொண்டு முத்துக்குமாரு பெருமையாகக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லையும் அவருக்குத் தெரியும். மோதகம் மாதிரி ஒன்று. பரமலிங்கத்தாரின் மூக்கு மாதிரி ஒன்று. மாலையில் அவற்றின் பக்கத்தில் போய் நின்று, "உதெல்லாம் நான்தான்," என்பார்.

ஓர் அந்தருக்குக் கொஞ்சம் குறைவாகக் கல் சேர்ந்ததும் வரிசை நின்றது. இன்னும் இரண்டு மூன்று கல்தான். அந்த இரண்டு மூன்றும் சாக்கைவிட்டு வெளியே வர மாட்டோம் என்றன.

அவர் சோற்றைப் பாதியாக்கினார். பிறகு சோற்றை விட்டுக் கஞ்சி. கஞ்சியிலும் தண்ணியைக் குடித்து மணியை விட்டார். சுவரைப் பிடித்து நடந்தார், துலா அசையவில்லை. அதே நேரம் தோட்டத்தில் வெங்காயம் தண்ணீரில்லாமல் தாள் வாடத் தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மிசின் கொட்டிலுக்குள் படுத்துவிட்டது. துலா மிதிக்கத் தெரிந்த பெடியள் எல்லாம் வன்னிக்கு மிளகாய் போடப் போய்விட்டார்கள். இராசமலர் கைவாளியால் அள்ளி அள்ளி ஊற்றினாள். ஒரு பாத்தி நனைவதற்குள் முதல் நனைந்த பாத்தி காய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருப்பதுதான் முத்துக்குமாருவின் உத்தியோகம். அப்படி இருக்கும் ஒருவருக்குக் கெட்ட யோசனைகள் வருவது இயல்பு. அவருக்கும் வந்தது.

அன்று பலகையை விட்டு இறங்கியவர் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"என்ன தேடுறியள்?"

"உதுக்குள்ளை ஒரு கட்டைக் கல்லு கிடந்தது. பூசணி விதை மாதிரி."

"கிடக்கும். அடியிலை பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. கையைத் துடைத்தார். "மலர், நான் துலாவிலை ஏறுறது உனக்கு ஒருநாளும் விருப்பமில்லை. உன்ரை அண்ணையை நினைச்சு. அது எனக்குத் தெரியும்."

"ஓம். விருப்பமில்லைதான்."

"அப்ப நான் குறையேல்லையெண்டு காட்டக் கல்லை மாத்திறாய்."

இராசமலர் சாக்கைத் துலாவிலிருந்து அவிழ்த்துவிட்டாள். முகம் கழுவி, வெளியே போகிற சீலையை உடுத்திக்கொண்டு வந்தாள். குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நடவுங்கோ."

சங்கத்துக்கு அரைக் கட்டை, அரை மைல் தூரம். அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். சங்கத்தில் வெங்காயம் கொண்டுவந்தவர்கள் நின்றார்கள். மனேச்சர் கனகரத்தினம் இவர்களைக் கண்டதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"வாருங்கோ முத்துக்குமாரு அண்ணை. நிறுக்கவோ, விக்கவோ?"

"நிறுத்துச் சொல்லு காணும்."

"வெங்காயமெண்டா தாள் வெட்டிப்போட்டுத்தான் நிறுக்கிறது. அண்ணைக்கு மீசையை விடுவம்."

சிரிப்பு அடங்கும்வரை இராசமலர் தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகரத்தினம் படிக்கற்களை வைத்தார். இரண்டு அந்தர். முள் அசையவில்லை. சில்லறைப் படிகளைப் போட்டார். கிணற்றடியில் சாக்குக்குள் இரண்டு அந்தருக்கு மேல் மிச்சம் கிடந்த அந்த இரண்டு மூன்று கல்லின் பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் வந்தது, ஒரு றாத்தல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் தராசிலிருந்து இறங்கினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மூன்று அந்தராக இருந்தபோது ஊருக்கே வேடிக்கை; இப்போது வெங்காயத்துக்கு நேரமாகிறது, வழியை விடச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் வந்தாள். ஒரு வேப்பமர நிழலில் நின்றார்.

"நான் சொன்னது பிழை," என்றார், குடைக்காம்பைப் பார்த்து.

"சரி."

"வேறை ஒண்டும் சொல்லமாட்டியோ?"

அவள் சீலைத்தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "கல்லை மாத்த நினைச்சனான்தான். போன கிழமை. நீங்கள் கஞ்சித்தண்ணியைக் குடிச்சுப்போட்டுச் சுவரைப் பிடிச்சு நடந்தீங்களெல்லோ, அண்டைக்கு. ரெண்டு கல்லைச் சாக்குக்குள்ளை கூட ஒளிச்சுப் போட்டிட்டு, குறைஞ்சிட்டுதெண்டு சொல்லுவமோ எண்டு நினைச்சன்."

"ஏன் செய்யேல்லை?"

"நம்பி ஏறிப்போடுவியள்."

அவர் குடையை விரித்து அவள் பக்கம் சரித்தார். மூன்று அந்தர்க் காலத்தில் அந்தக் குடைக்குள் அவரே முழுதாக அடங்கியதில்லை. இப்போது இரண்டு பேரும் அடங்கினார்கள், அவருடைய இடது தோள் மட்டும் வெயிலில்.

"அந்த டொக்டர் என்ன சொன்னவர்? நிண்டு யோசிக்குமெண்டோ?"

"ஓம்."

"என்னத்தை உவ்வளவு நாளா யோசிக்குது?"

"உங்கடை உடம்புதானே. முதலிலை ஒரு பொய் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் யோசிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கஞ்சியை மணியோடு வார்த்துக் கொடுத்தாள். அவர் மணியோடு குடித்தார்.

அடுத்தநாள் காலை, கல்லோடு கல் முட்டும் சத்தத்துக்கு முத்துக்குமாரு கண்விழித்தார். எழுந்து வந்து பார்த்தால் வேலியோரம் வெறுமையாகக் கிடந்தது. மோதகம் இல்லை. பரமலிங்கத்தாரின் மூக்கு இல்லை. அவர் இழந்தது அத்தனையும் இரண்டு சாக்குகளில் கட்டப்பட்டு, துலாவின் பின்கொடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் கயிறும் பட்டையும் மாட்டியிருந்தன. இராசமலர் சீலைத்தலைப்பை இடுப்பில் செருகி, துலா மிதிக்க ஏறும் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"நான் நெத்தலி. நான் மிதிச்சாப் பட்டை எழும்பாது. அதுதான் உங்களையும் கொஞ்சம் கட்டியிருக்கிறன்."

"உன்ரை அண்ணை..."

"அண்ணை ஏறேக்குள்ளை கீழை நிண்டது அப்பா. அவர் பாக்கு இடிச்சுக்கொண்டு நிண்டவர்." அவள் மற்றக் காலையும் வைத்தாள். "நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

அவர் கிணற்றுக்கட்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். பின்னால் கல் இழுத்ததால் பட்டை இலேசில் இறங்க மறுத்தது. சும்மா இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, உடம்பை அதில் சாய்த்தார். தையிலிருந்து ஒரு கல்லுக்கும் மசியாமல் நின்ற அந்த இரண்டு அந்தரும் கொஞ்சமும் கயிற்றில் தொங்கியது. பட்டை சொன்னபடி கேட்டுக் கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டது. கயிற்றைத் தளர்த்தி மேலே பார்த்தார்.

இராசமலர் துலாவில் நின்றாள். இரண்டு கைகளையும் அகட்டிப் பிடித்திருந்தாள். பின்பக்கம் ஓர் அடி வைத்தாள். துலா அசையவில்லை. இன்னும் ஓர் அடி. இன்னும் ஒன்று, சாக்குகளுக்குக் கிட்ட. அவருக்கு நெஞ்சு பட்டையோடு எழும்பத் தொடங்கியது. இத்தனை வருஷமும் கீழே நின்றவளுக்கு இது நாள்தோறும் நடந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் தொண்டையைச் செருமினார்.

"மலர். இந்தியா தெரியுதோ?"

அவள் கீழே பார்க்கவில்லை. ஒரு கையை மெல்ல எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"தெரியுது."

"அந்த மனிசி நிக்கிறாவோ?"

"காணேல்லை. வடகம் மட்டும் கிடக்குது. காகம் ஒண்டு கிட்ட வருது."

"சூ எண்டு சொல்லு."

"சூ," என்றாள் இராசமலர், வடக்கே பார்த்து. பட்டை கிணற்று வாய்க்கு வந்து, விளிம்பில் முட்டி, கொஞ்சம் அவர் காலில் சிந்தி, மிச்சம் வாய்க்காலில் கவிழ்ந்தது. காய்ந்த மண்ணில் தண்ணீர் முதலில் நின்றது. பிறகு ஒரு வெங்காயச் சருகை நெற்றியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, முதல் பாத்தியை நோக்கிப் புறப்பட்டது.