எட்டு நாள் தண்ணீர்

ஜஸ்ரின் சேர் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் கடைசி வாங்கில் சிரிப்புக் கிளம்பிவிட்டது. குருநகரிலிருந்து வந்து அரசாங்கப் பரீட்சைக்கு நுண்ணறிவுப் பாடம் எடுக்கிறவர். உரும்பிராய்த் தோட்டக் கிணற்றுச் சண்டை அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

"ஒரு கிணற்றை இரண்டு வீட்டார் பாவிக்கின்றனர். ஒரு வீட்டார் பெரிய மோட்டர் பூட்டிய பிறகு தண்ணீர் உவர்த்துவிட்டது. ஆகவே அந்த மோட்டரே காரணம். இந்த வாதத்தை மிகவும் வலுப்படுத்துவது எது?"

"சேர், ஆர்டை மோட்டர் எண்டு போடேல்லையே?" என்றான் செந்தூரன்.

சுபாஜினிக்குக் காது சுட்டது. அது அவளுடைய வீட்டு வழக்கு. கதிரவேலுப் பெரியப்பாவின் மோட்டர்தான் பங்குக் கிணற்றை உவராக்கியது என்று அண்ணன் சிவகரன் போட்ட முறைப்பாடு நாளைக்கு ஊர் வழக்குத் தீர்க்கும் இணக்கசபைக்கு வருகிறது. படித்தவள் என்று அவளைத்தான் கதைக்க விட்டிருந்தார்கள். தோற்றால் பழி இந்தப் பக்கம் திரும்பி, கழற்றப்படுவது சுபாஜினி வீட்டு மோட்டர். வெங்காயம் நிலத்திலேயே கருகும்.

பெரியப்பாவின் மகள் தனுஷா முன் வாங்கில் திரும்பாமல் இருந்தாள்.

"சுபாஜினி, நீர் சொல்லும்."

"மூண்டாவது விடை சேர். அந்த மோட்டர் நிண்ட நாளுகளிலை உவர் குறைஞ்சுது எண்டது."

"சரி. காரணத்தை நிப்பாட்ட விளைவும் நிக்குது. வாதம் இறுகுது."

தனுஷா அப்போதுதான் திரும்பினாள்.

"மாசியிலை என்ரை அம்மா செத்து எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடியுமட்டும் எங்கடை மோட்டர் நிண்டது. அப்ப தண்ணி எப்பிடி இருந்ததடி?"

"பிள்ளையள், கடதாசியிலை இருக்கிறதை மட்டும் கதையுங்கோ," என்றார் சேர். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அந்த நாள்களில் தன் வீட்டில் அம்மா போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை. சுபாஜினி துப்பியிருக்கிறாள். ஆனால் நாளைக்கும் இதே கேள்வி வரும். உவர்த்தது என்றால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

"நல்லாத்தான் இருந்தது. இளநி மாதிரி."

"நீ குடிச்சனியோ?"

"ஓம், குடிச்சன். அதுக்கு இப்ப என்ன?"

"அப்ப கிணத்தடிக்குப் போயிருக்கிறியள்."

பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எட்டுச் செலவு முடியும்வரை எந்தப் பங்காளியும் அந்தக் கிணற்றில் கால் வைப்பதில்லை. உரும்பிராயில் அது குழந்தைக்கும் தெரியும். தாங்களும் அந்தச் சாவுத் தீட்டை, துடக்கை, காத்ததாக, பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தவன் சிவகரன்.

"எங்கடை வெங்காயம் வாடிச் செத்தது. உங்கடை மட்டும் பச்சையாய் நிண்டுது. மழைத்தண்ணி எண்டான் உன்ரை கொண்ணன். மாசியிலை என்ன மழை? எங்கடை அம்மாவை எரிச்சுப்போட்டு வர முதல் மோட்டரைப் போட்டிட்டியளடி!"

"உறவை அறுத்தது நீங்கள்தானே. அறுத்த உறவுக்கு என்ன துடக்கு?"

சொன்ன பிறகுதான் அதுவும் ஓர் ஒப்புதல் என்று சுபாஜினிக்கு உறைத்தது.

"நாளைக்கும் இப்பிடியே சொல்லு," என்றாள் தனுஷா. "ஒரு சொல்லும் மாத்தாதை. செந்தூரன், நீ சாட்சிக்கு வருவாய்தானே?"

செந்தூரன் சிரிக்கவில்லை. "வாறன்," என்றான்.

வகுப்பு விட்டபோது சிவகரன் வாசலில் மோட்டர்சைக்கிளை நிறுத்தியபடி நின்றான். தனுஷா அவனைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

"உவளுக்கு நாளைக்குத் தெரியும்," என்றான் அவன். "நல்லா யோசிச்சனான், தங்கச்சி. அவையின்ரை மோட்டர் நிண்ட எட்டு நாளும் தண்ணி நல்லா இருந்தது எண்டு சொல்லு. அதோடை அவையின்ரை கதை முடிஞ்சுது."

சுபாஜினி பின்னால் ஏறவில்லை. புத்தகப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சொல்லிப்போட்டன் அண்ணை."