அழுத்தித் திருகும் மூடி

அப்பாவின் விரல்களை அவள் ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கணுக்கள் புடைத்து, விரல்கள் நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

“கொஞ்சம் நீட்டி விடும்மா. பாக்க நல்லாருக்கும்,” என்றார் சித்தப்பா.

“நீளாது சித்தப்பா. மூட்டே விலகிப்போச்சு. ஆறு வருஷ முடக்குவாதம்.”

“வீட்டுக்குள்ளயே நர்ஸு. அண்ணன் குடுத்து வச்சவரு.”

கேட்க இதமாகத்தான் இருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாத்திரைகளைப் பற்றி அவர் கேட்டபோது, “ஒரு வேளகூடத் தவறினதில்ல சார்” என்று இவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

மூட்டுநோய் வார்டில் பதினோரு வருடம். காலையில் மூட்டு விறைப்பு ஒரு மணிநேரம் தாண்டினால் அது வெறும் தேய்மானமாக இருக்காது என்று மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள். முந்தாநாள் அப்பாவின் கை சிவந்து வீங்கியிருந்தது. டியூட்டிக்குக் கிளம்பும் அவசரம். “மாத்திர ஒழுங்கா போட்டா இப்படி வீங்குமாப்பா? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறேன். என் மானத்த வாங்காதீங்க.”

“சரிம்மா,” என்று அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

தெருமுனையில் சாவிக்கடை வைத்திருப்பவர் மாடியேறி வந்தார். அப்பாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இவளிடம் மெல்லச் சொன்னார்.

“பத்து நாளா கடையத் திறக்கலம்மா. பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன்.”

எதற்காக இதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

“தெனம் காலையில வருவாரு. அந்த டப்பாவ நீட்டுவாரு.” அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவைக் காட்டினார். “திறக்காத பூட்டே இல்லன்னு போர்டு வச்சிருக்கியே, இதத் திறய்யான்னுவாரு.” சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். “லூசா மூடித் தரேன்னேன். வேணாம், வீட்டுல சின்னப்புள்ள இருக்கு, இறுக்கி மூடணும்னு பொண்ணு சொல்லிருக்கான்னாரு.”

“வீட்டுல யாரையாச்சும் கேட்டிருக்கலாமே,” என்றாள்.

“நானும் அதத்தான் சொன்னேன். பாடம் எடுக்குற பொண்ணுய்யா, அப்பன் கைக்கு வராத டப்பாவ வாங்கிட்டோம்னு தெரிஞ்சா அவளுக்குத் தலைகுனிவுன்னாரு.”

இருபத்திரண்டு படி. அந்த முழங்கால்களோடு.

விரல் மடங்காதவர்களுக்கு லேசாகத் திறக்கும் டப்பா கொடுங்கள் என்று வார்டுச் சுவரில் அட்டை தொங்குகிறது. அவளே எழுதியது. அழகான கையெழுத்து என்று டாக்டர்கூடப் பாராட்டியிருந்தார்.

சாவிக்காரர் கிளம்பும்போது, பழக்கத்தில் டப்பாவை எடுத்து, மூடியை அழுத்தித் திருகித் திறந்தார். பத்து நாள் மாத்திரை உள்ளே அப்படியே இருந்தது. மூடியைத் திருகாமல் மேலே வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள். “மூடி திறந்து கெடக்கு அண்ணி. இவன் எடுத்து வாயில போட்டுருவான்.” ஒரே கையால் இறுக்கி மூடிவிட்டு உள்ளே போனாள்.

அவள் அப்பாவின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

“ஏம்மா மூடுற? வர்றவங்க பாக்கட்டுமே,” என்றார் சித்தப்பா.

அவள் தன் கையையும் வெளியே எடுக்கவில்லை.